அப்பா உட்கார்ந்த இடம்

யூ டர்ன் அடிக்கும்போது முழங்கால் ஹேண்டலில் இடிக்கும் என்பதை, இடிக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. "காலைக் கொஞ்சம் ஒதுக்கி வச்சுக்கயேன்" என்பார்கள். ஒதுக்கி வைக்க இடம் இருந்தால் ஏன் இடிக்கப்போகிறது?

2022 ஜூலையில் ஒரு சாயங்காலம், மாசாயில், எங்கள் தாமானில், எங்கள் வீட்டு வாசலுக்கு எதிரிலேயே விழுந்தேன். வேகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நடந்து போகிறவர் என்னை முந்தியிருப்பார். வலது பக்கம் முழுசாகத் திருப்பினேன். அப்படித் திருப்பும்போது ஹேண்டலின் வலது முனை ஓட்டுகிறவரை நோக்கிப் பின்னால் வரும். வரவேண்டிய இடத்தில் என் முழங்கால் இருந்தது. வலது கையில்தான் எண்ணெய் முறுக்குவது. கை முழங்காலில் மாட்டிக்கொண்டதும் தன்னால் முறுக்கியும்விட்டது. மோட்டார் ஒருமுறை சீறிப் பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டியில் போய்ச் சாய்ந்தது. நான் அதன் மேல் சாய்ந்தேன்.

கேட்டுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஓடி வரவில்லை. "அப்பா மாதிரியே" என்றார்.

"அப்பா எப்பம்மா விழுந்தாரு?"

பதில் சொல்லாமல் மஞ்சள் எடுக்க உள்ளே போய்விட்டார்.

*

என் உயரம் 181 சென்டிமீட்டர். ஆண்பிள்ளைக்கு இருந்தால் "நல்ல உயரம்". பெண்பிள்ளைக்கு இருந்தால் கல்யாண வீட்டில் அத்தைகள் குரலைத் தாழ்த்திப் பேசும் விஷயம். பள்ளியில் கொடிக்கம்பம் என்று ஒரு பேர் இருந்தது. சபைகூடலில் கடைசி வரிசை, குழுப்படத்தில் கடைசி வரிசை. சொந்தத்தில் ஒரு பாட்டி மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அப்பன உரிச்சு வச்சிருக்கா, காலு உட்பட" என்பார். அப்பா ஆறடி ஒன்று. அம்மா ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. இருவரும் சேர்ந்து நிற்கும் கல்யாணப் படத்தில் போட்டோக்காரர் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து அம்மாவை நிற்கவைத்திருக்கிறார். அப்படியும் பெரிய வித்தியாசம் தெரியாது.

அப்பா பாசிர் கூடாங் துறைமுகத்தில் வேலை செய்தார். 2001இல் வாங்கிய ஈஎக்ஸ்5 மோட்டாரில் பதினாறு வருஷம் போய்வந்தார். 2017இல் அவர் போனபிறகு அது எனக்கு வந்தது. வீட்டில் வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டது. செனோக்கோவில், எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. பஸ் என்றால் மாசாயிலிருந்து ஒன்று, எல்லையில் இறங்கி வரிசை, பாலத்தில் இன்னொன்று, மறுபடி இறங்கி வரிசை. மோட்டார் என்றால் காலை நாலரைக்குக் கிளம்பினால் போதும்.

கப்சாயைப் பற்றி மலேசியாவில் வாழ்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான்கு கியர், கிளட்ச் பிடிக்க வேண்டாம், எண்ணெய் கொஞ்சமாகக் குடிக்கும், எந்தக் கம்பத்துப் பட்டறையிலும் சாமான் கிடைக்கும். காய்கறிக் கூடையிலிருந்து கேஸ் தோம்பு வரை அதில் போகாத பொருளில்லை. இந்த மோட்டார் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. அது எனக்காகச் செய்யப்பட்டதில்லை, அவ்வளவுதான். சட்டைக்கு அளவு உண்டு, சப்பாத்துக்கு அளவு உண்டு. மோட்டாருக்கு மட்டும் ஒரே அளவு. அந்த அளவுக்குள் அடங்காதவர்கள் உடம்பை மடக்கிக்கொள்ள வேண்டும்.

நான் நன்றாகவே மடக்கிக்கொண்டேன். என்னோடு அதே ஷிப்டில் வேலை செய்த பிளந்தோங் தோழி ஒருத்தி எண்ணெய்க் காசில் பாதி கொடுத்துப் பின்னால் உட்கார்ந்து வருவாள். அவளுக்கு இடம் விட நான் முன்னால் தள்ளி உட்காருவேன். முழங்கால் இரண்டும் முன்மூடிக்கு வெளியே தவளைமாதிரி விரிந்து நிற்கும். மழைக்கோட்டின் கால்சட்டை கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிடும். பாலத்தில் மழை பிடித்தால் சப்பாத்துக்குள் ஜொகூர் நீரிணை ஓடும். ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான் அந்தப் பாலம். சில காலைகளில் அதைக் கடக்க ஒரு மணி நேரம் ஆகும். ஊர்ந்து, நிறுத்தி, கால் ஊன்றி, மறுபடி ஊர்ந்து.

2020 மார்ச்சில் எல்லையை மூடினார்கள். நான் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு, உட்லண்ட்ஸில் நான்கு பேரோடு ஓர் அறையில் இருந்தேன். மோட்டார் போர்ச்சில் இரண்டு வருஷம் கிடந்தது. அம்மா வாரம் ஒருமுறை அதை ஸ்டார்ட் மட்டும் பண்ணி நிறுத்துவாராம். ஏறி உட்காரமாட்டார். 2022 ஏப்ரலில் பாதை திறந்ததும் மறுபடி ஓட்டத் தொடங்கினேன். அப்போதுதான் தெரிந்தது, இரண்டு வருஷ ஓய்வில் உடம்பு மடங்குவதை மறந்துவிட்டிருந்தது. ஒரு மாதத்தில் வலது முழங்கால் சிப்பிக்குப் பின்னால் ஊசி குத்துகிற வலி. அப்புறம் மோதிரவிரலும் சுண்டுவிரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. கடப்பிதழை எடுத்து நீட்டும்போது விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. இருமுறை கீழே போட்டிருக்கிறேன். பின்னால் நிற்கிற நூறு மோட்டாரும் ஹாரன் அடிக்கும்.

கிளினிக்கில் டாக்டர் முழங்கையைத் தட்டிப் பார்த்துவிட்டு நரம்பு அழுந்துகிறது என்றார். "மோட்டார் ஓட்டறத குறைச்சுக்குங்க" என்றார். நல்ல ஆலோசனை. சம்பளத்தையும் சேர்த்துக் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம்.

அதற்கடுத்த மாதம்தான் அந்தக் குப்பைத்தொட்டி.

*

விழுந்தபிறகு நான் மோட்டார்க் கடைகளில் ஏறி இறங்கத் தொடங்கினேன். என்னிடம் இருப்பது பி2 லைசன். 250 சிசி வரைக்கும் ஓட்டலாம். அதற்குமேல் வேண்டுமானால் மறுபடி வகுப்பு, மறுபடி சோதனை, மறுபடி காசு. ஆகவே 250க்குள் எனக்கு ஏதாவது உண்டா என்பதுதான் கேள்வி.

முதல் கடையில் ஒரு தம்பி என்னை நேராக ஸ்கூட்டர் வரிசைக்குக் கூட்டிப்போனான். "லேடீஸுக்கு இது நல்லா இருக்கும் அக்கா, சீட் தாழ்வு, கால் நல்லா எட்டும்." நான் அவனைவிட ஒரு தலை உயரம். சொல்லிக்கொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவனுக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. கடைகளில் உயரம் பற்றிய பேச்சு எல்லாமே குள்ளமானவர்களுக்கானது. சீட்டைத் தாழ்த்தலாம், சஸ்பென்ஷனை இறக்கலாம், குஷனைச் செதுக்கலாம். உயரமானவர்களுக்குப் பதில் ஒன்றுதான்: "உங்களுக்கென்ன அக்கா, எதுலயும் கால் எட்டும்."

கால் எட்டுவதல்ல பிரச்சினை. இதை நான் புரிந்துகொள்ளவே பல வாரம் ஆயிற்று. நானும் முதலில் சீட் உயரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் நிற்கும்போதுதான் தரைக்கும் சீட்டுக்கும் உள்ள தூரம் பேசும். ஓடும்போது பேசுவது மூன்று இடங்கள்: பிட்டம் இருக்கும் இடம், பாதம் இருக்கும் இடம், கை இருக்கும் இடம். இந்த மூன்றையும் கோடு போட்டுச் சேர்த்தால் ஒரு முக்கோணம். அந்த முக்கோணத்துக்குள்தான் மணிக்கணக்கில் குடியிருக்கிறோம். சீட்டுக்கும் கால்வைக்கும் கம்பிக்கும் நடுவில் தூரம் குறைவாக இருந்தால் முழங்கால் மடங்கும். சீட் எவ்வளவு உயரமாக இருந்தாலும் கம்பியும் கூடவே உயரத்தில் இருந்தால் பலனில்லை. பந்தய மோட்டார்களில் அப்படித்தான். பார்க்க உயரமாக, வாட்டசாட்டமாக இருக்கும். ஏறி உட்கார்ந்தால் கப்சாயைவிட மோசமாக மடக்கிவிடும்.

வீட்டில் டேப் எடுத்து அளந்தேன். சுவரோடு ஒட்டி நின்று, தடித்த புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவில் அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பைச் சுவரில் கோடு போட வேண்டும். நான் பயன்படுத்தியது எஸ்டிபிஎம் பழைய கேள்வித்தாள் தொகுப்பு. தையல்காரர் எடுக்கும் உள்கால் அளவுதான் அது. அப்புறம் மோட்டாரை நடு ஸ்டாண்டில் போட்டு ஏறி உட்கார்ந்தேன். பக்கவாட்டிலிருந்து தோழி ஒரு படம் எடுத்தாள். படத்தில் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றுக்கும் கோடு இழுத்துப் பாகைமானியை வைத்துப் பார்த்தேன். 75 டிகிரி. நாற்காலியில் சாதாரணமாக உட்கார்ந்தால் 90 வரும். அந்தப் பதினைந்து டிகிரிதான் சிப்பிக்குப் பின்னால் குத்திய ஊசி.

படத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. சர்க்கஸில் கரடி சைக்கிள் ஓட்டுமே, அதுபோல இருந்தேன். வருஷக்கணக்கில் இப்படித்தான் இரண்டு நாடுகளுக்கு நடுவில் போய்வந்திருக்கிறேன். யாரும் சொல்லவில்லை.

நான்காவது கடையில் கவாசாக்கி வெர்சிஸ் எக்ஸ் 250 ஒன்று நின்றது. சீட் 815 மில்லிமீட்டர். ஹேண்டல் உயர்ந்து அகன்றது. ஏறி உட்கார்ந்ததும் முதுகு தன்னால் நிமிர்ந்தது. கம்பியில் காலை வைத்தேன். முழங்கால் எங்கேயும் இடிக்கவில்லை. ஹேண்டலை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பிப் பார்த்தேன். திருப்பிக்கொண்டே இருந்தேன். கடைக்காரர் என்னவோ நினைத்திருப்பார். பிறந்ததிலிருந்து ஒரு நாற்காலியில்கூட இப்படி உட்கார்ந்ததில்லை என்று தோன்றியது.

விலை இருபதாயிரம் வெள்ளிக்கு மேல். பரவாயில்லை, தவணை போடலாம். கையெழுத்துப் போடும் முன்னால் ஒரு காரியம் பாக்கியிருந்தது.

*

அம்மாவுக்குச் சர்க்கரை. மாதம் ஒருமுறை கிளினிக் கெசிஹாத்தான் போகவேண்டும். அங்கே ஒரு வெள்ளிதான். கிராபில் போய்வர அதைப்போல முப்பது மடங்கு. மாதத்துக்கு ஒன்று என்றால் சமாளிக்கலாம். அப்புறம் கண்ணுக்கு ஒரு நாள், பாதத்துக்கு ஒரு நாள் என்று கூட்டிக்கொண்டே போனார்கள். இதுபோக வெள்ளிக்கிழமை ஜொகூர் பாரு ராஜமாரியம்மன் கோயில். பஸ் ஏறி இறங்க அம்மாவுக்கு இப்போது முடியவில்லை. "நா உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறேம்மா" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "மோட்டார்ல எனக்கு பயம்" என்பார். பெரிய மோட்டார் என்றால் பயம் போகும் என்று நினைத்தேன். அகலமான சீட், பிடித்துக்கொள்ளக் கம்பி.

சனிக்கிழமை அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போனேன். நான் ஏறி உட்கார்ந்து மோட்டாரை நிமிர்த்திப் பிடித்தேன். பின்சீட் ஓட்டுகிறவர் சீட்டைவிட இன்னும் உயரம். அம்மாவின் இடுப்புக்கும் மேலே வந்தது. பின்கம்பியில் ஒரு காலை வைத்து, என் தோளைப் பிடித்து, மற்ற காலை வீசிப் போடவேண்டும். அம்மா கம்பியில் கால் வைத்தார். முழங்கால் எழும்பவில்லை. கடைப்பையன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டான். அம்மா நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நாற்காலிய கிளினிக்குக்கும் எடுத்துட்டுப் போகணுமா?"

பையன் சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை. எனக்குப் பொருந்துகிற மோட்டாரில் அம்மா ஏற முடியாது. அம்மா ஏறக்கூடிய மோட்டாரில் நான் மடங்க வேண்டும். என் கல்யாணப் பேச்சில் அத்தைகள் சொல்வதுபோல, ஜோடிப்பொருத்தம் இல்லை.

வரும்போது கிராபில் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உங்கப்பா மோட்டார்லயும் ரெண்டு பேருக்கு எடம் இல்ல." இந்த வாக்கியத்தைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். புருஷன் மேல் வைக்கும் பொதுவான குறை என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

*

பட்டறைக்காரர்தான் அந்தக் குஷன் கடையைச் சொன்னார். பழைய கடைவீடு, வெளியே காடி சீட்டுகள் மழையில் நனைந்துகொண்டிருக்கும். உள்ளே எழுபது வயசுக்குமேல் இருக்கும் ஓர் அப்பெக். என்னைப் பார்த்ததும் முதலில் காலைத்தான் பார்த்தார். "அடிக், லு புன்யா காக்கி பஞ்சாங் லா" என்றார். கால் நீளம் என்று இவ்வளவு சாதாரணமாக, மரத்தைப் பற்றியோ துணியைப் பற்றியோ சொல்வதுபோல யாரும் என்னிடம் சொன்னதில்லை.

சீட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் மோட்டாரை எடுத்த புதிதில் கறுப்பு மேலுறை மட்டும் புதிதாகப் போட்டிருந்தேன். முப்பது வெள்ளி வேலை, ஒரு சந்துக் கடையில் அரைமணி நேரத்தில் முடித்தார்கள். பஞ்சை அவர்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது இப்போது தெரிந்தது. அப்பெக் ஆணிகளைப் பிடுங்கி உறையை உரித்தார். உள்ளே அப்பா காலத்துப் பஞ்சு, பழுத்த மாம்பழ நிறத்தில்.

அதில் ஒரு குழி இருந்தது. ஓட்டுகிறவர் உட்காரும் இடத்தில் இல்லை. அங்கே பஞ்சு கொஞ்சம்தான் அமுங்கியிருந்தது. அது நான். குழி இருந்தது பின்னால், இரண்டாம் ஆள் உட்காரவேண்டிய இடத்தில். ஆழமாக, இரண்டு கை வைத்தால் பொருந்துகிற மாதிரி.

அப்பெக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். "இனி சியாப்பா டுடுக்?"

"பாப்பா சாயா."

"டியா பூன் பஞ்சாங்" என்று தலையாட்டினார். அவரும் நீளம்தான்.

நான் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு அம்மா பஸ்ஸில் வருவார். அப்பாவும் நானும் மோட்டாரில். அதே கோயில், அதே நேரம். இரண்டு பேரும் தனித்தனியாக வந்து வாசலில் சேர்ந்து உள்ளே போவார்கள். ஏதோ சண்டை, பெரியவர்கள் விஷயம் என்று நான் கேட்டதில்லை. நான் அப்பாவின் முதுகோடு ஒட்டி, சீட்டில் பாதியும் பின்னால் சாமான் வைக்கும் இரும்பு கேரியரில் பாதியுமாக உட்கார்ந்திருப்பேன். அப்பா அந்த இரும்பின் மேல் ஒரு துவாலையை நான்காக மடித்துப் போட்டிருப்பார். வெயிலில் இரும்பு சுடும், அதற்காக என்று நினைத்திருந்தேன். அது மனிதர்கள் உட்காரும் இடமே இல்லை என்பது எனக்குத் தோன்றியதில்லை. பின்னால் தள்ளி உட்கார்ந்தால்தான் அப்பாவால் கால் நீட்ட முடிந்திருக்கிறது. பதினாறு வருஷம் அம்மாவின் இடத்தில் உட்கார்ந்துதான் வேலைக்குப் போயிருக்கிறார்.

அன்று இரவு அம்மாவிடம் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். 2004ஆம் வருஷம், பிளந்தோங் சிக்னல். பச்சை விழுந்ததும் அப்பா எடுத்திருக்கிறார். ஒருபக்கமாக, பாதி கேரியரில் உட்கார்ந்திருந்த அம்மா அப்படியே வழுக்கிச் சாலையில் உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் பெரிதில்லை. "ஆனா அவரு போய்ட்டாரு. எங்கிட்ட பேசிக்கிட்டே போய்ட்டாரு. நூறு அடி தாண்டித்தான் பதில் வரலன்னு திரும்பிப் பாத்தாரு."

"என்ன பேசிட்டு இருந்தாரு?"

"ஒம் பள்ளிக்கூட சப்பாத்து சின்னதாப் போச்சு, புதுசு வாங்கணும்னு."

அதற்குப்பிறகு அம்மா ஏறவில்லை. அப்பாவும் ஏறச்சொல்லிக் கேட்கவில்லையாம். வேறு மோட்டார் வாங்கலாம் என்று ஒருமுறை சொன்னாராம். அப்புறம் எனக்கு மேல்படிப்பு வந்தது.

"சொல்லியிருக்கலாம்லம்மா."

"என்னன்னு சொல்றது? ஒங்கப்பா காலு நீளம்னா?"

*

அடுத்த நாள் அப்பெக்கிடம் போய், எனக்கு மட்டுமில்லை, பின்னால் ஓர் ஆள் உட்கார வேண்டும் என்றேன். யார் என்று கேட்டார். அம்மா என்றேன். எவ்வளவு உயரம்? கையால் என் தோளளவு காட்டினேன். நெற்றியைச் சுருக்கி, "பாவா மாரி" என்றார். கூட்டிக்கொண்டு வா.

அவர் வேலை செய்யும் விதத்தை நான் இரண்டு சனிக்கிழமை பார்த்தேன். பழைய பஞ்சை எடுத்துவிட்டு, அடர்த்தியான புதுப் பஞ்சைப் பசை போட்டு ஒட்டினார். முன்பாகத்தை ஐந்து சென்டிமீட்டர் உயர்த்தினார். பஞ்சு மெத்தென்று இருந்தால் நல்லது என்று நான் நினைத்திருந்தேன். அவர் கையால் குத்திக் காட்டினார்: மெத்தென்ற பஞ்சு பத்து நிமிஷத்துக்குச் சுகம், அப்புறம் உள்ளே அமுங்கி அடித்தட்டில் எலும்பு இடிக்கும். நீண்ட நேரம் உட்கார்கிறவருக்கு விறைப்பான பஞ்சுதான் வேண்டும். முன்பக்கம் சரிவாக இருந்ததைத் தட்டையாக்கினார். சரிவில் உட்கார்ந்தால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உடம்பு முன்னால் வழுக்கும். வழுக்குகிற உடம்பைக் கைதான் தாங்கும். என் விரல்கள் மரத்துப்போனதில் அந்தச் சரிவுக்கும் பங்கு இருந்திருக்கிறது.

பிறகு உறை போடாத வெறும் பஞ்சின் மேல் என்னை உட்காரச் சொன்னார். அம்மாவையும் பின்னால் உட்காரச் சொன்னார். அம்மா தயங்கி, சீலையைச் சரிசெய்து, என் தோளைப் பிடித்து ஏறினார். கப்சாய்தானே, ஏற முடிந்தது. பதினெட்டு வருஷம் கழித்து. என் முதுகில் அம்மாவின் நெற்றி முட்டியது. அப்பெக் மார்க்கர் பேனாவை எடுத்து, எங்கள் இருவருக்கும் நடுவில் பஞ்சின் மேல் ஒரு கோடு கிழித்தார். வீட்டு நிலத்தைப் பங்கு பிரிக்கிற மாதிரி கவனமாக.

அந்தக் கோடு பழைய எல்லையிலிருந்து ஏழு சென்டிமீட்டர் பின்னால் போயிருந்தது. அம்மா இழந்த ஏழு சென்டிமீட்டரைத் திருப்பித்தர, கேரியரின் முன்பாகத்தில் ஒரு பலகையைத் திருகிப் பஞ்சு வைத்துத் தனித் துண்டாக ஓர் இருக்கை செய்தார். சீட்டோடு சேர்த்துச் செய்ய முடியாது. எண்ணெய் ஊற்றும் மூடி சீட்டுக்கு அடியில் இருக்கிறது, சீட் திறக்க வேண்டும். அந்தத் துண்டை இன்னும் நீளமாகப் போடுங்கள் என்று நான் கேட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பாரம் பின்சக்கரத்துக்குப் பின்னால் போனால் முன்சக்கரம் லேசாகிவிடும், வளைவில் சொன்னபடி கேட்காது என்பதைக் கையைத் தூக்கிக் காட்டினார். மூன்று விரல், அதற்குமேல் இல்லை.

பட்டறையில் இன்னொன்றும் செய்துகொண்டேன். இதற்குக் காசுகூட வாங்கவில்லை. சீட் உயர்ந்ததால் என் கை இப்போது மேலிருந்து சாய்வாக இறங்குகிறது. பிரேக் கைப்பிடி பழைய கோணத்திலேயே இருந்தால் மணிக்கட்டு ஒடிந்து நிற்கும். திருகைத் தளர்த்தி, கைப்பிடியைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்பி, முழங்கையிலிருந்து விரல்நுனிவரை ஒரே நேர்கோடாக வருகிற இடத்தில் முறுக்கிவிட்டார்கள். ஐந்து நிமிஷ வேலை. இதற்காக நான் மூன்று மாதம் பி வைட்டமின் மாத்திரை தின்றிருக்கிறேன்.

தோழி மறுபடி படம் எடுத்தாள். 85 டிகிரிக்குப் பக்கம். தொண்ணூறு இல்லை. யூ டர்னில் முழங்கால் இப்போது இடிப்பதில்லை, உரசுகிறது. சுண்டுவிரல் வெள்ளிக்கிழமை வாக்கில் லேசாக மரக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சரியாகிவிடுகிறது. தலை உயரமாகப் போனதில் ஹெல்மெட்டில் காற்று முன்பைவிடச் சத்தம் போடுகிறது. மழைக்கோட்டுக்கு ஒரு தீர்வும் இல்லை. மொத்தம் 120 வெள்ளி. வெர்சிஸ் நின்ற கடை வழியாகப் போகும்போது இன்னும் திரும்பிப் பார்க்கிறேன். அது பொய்யில்லை.

அம்மாவை முதன்முதலாகக் கிளினிக்குக்குக் கூட்டிப்போன காலை, முதல் சிக்னல் வந்ததும் அவர் கை என் சட்டையை இறுக்கிப் பிடித்தது. பச்சை விழுந்தது. நான் எடுக்கவில்லை. "அம்மா?" என்றேன்.

"ம்."

எடுத்தேன். அடுத்த சிக்னலிலும் கேட்டேன். மூன்றாவதில் அவருக்கே அலுத்துவிட்டது. "இருக்கேன், போ" என்றார்.

இப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தோழி கல்யாணம் முடிந்து கூலாய்க்குப் போய்விட்டாள். உட்லண்ட்ஸில் கியூஆர் வந்தபிறகு மரத்த விரலால் கடப்பிதழ் நீட்டும் வேலையும் இல்லை. அப்பெக் போட்ட உறையில் பின்பக்கத் தையல் ஒன்று விட்டு, மழைத்தண்ணீர் இறங்குகிறது. ஏறும்போது அம்மா சீலை நனைந்துவிடுகிறது. வரும் சனிக்கிழமை கொண்டுபோக வேண்டும். போகிறதே போகிறாய், எனக்கு இன்னும் ரெண்டு விரல் அகலம் கூட்டிப்போடச் சொல் என்கிறார் அம்மா. அப்பெக் ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை.